கொட்டக் கூடாத உப்பு

கத்தி முனையில் நின்று கணக்குப் போடும் தலையெழுத்து யாருக்கும் வரக் கூடாது. உப்பு வணிகன் இளஞ்சாத்தனின் மனைவி வெண்ணிக்கு அது வந்து சேர்ந்தது.

கணவாயில் கள்வர் மறித்தார்கள். முன்னே போன வண்டிக்காரர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, ரத்தம் சொட்டும் அரிவாளோடு கடைசி வண்டியை நோக்கி ஓடி வந்தார்கள். அது வெண்ணியின் வண்டி. உள்ளே தொடையில் வேல் பாய்ந்து இளஞ்சாத்தன் கிடந்தான். வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட்டாள். ஆனால் நின்ற வண்டி சட்டென்று வேகம் பிடித்தால்தான் தலை தப்பும்.

இழுப்பது ஒற்றை மாடு. வண்டியும் அதில் ஏறும் மூவரும் சேர்ந்து ஒரு மாட்டின் எடை. உப்பு மூட்டைகளோ இரண்டு மாட்டின் எடை. இளஞ்சாத்தன் ஒடிசலான ஆள். மாட்டின் எடையில் எட்டில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

மூன்றாவது ஆள் அவனுடைய அண்ணன் பெருஞ்சாத்தன். வெட்டுண்டு செத்த ஒருவனின் வண்டியிலிருந்து அதே கட்டுடம்புள்ள இன்னொரு மாட்டை அவிழ்த்து வந்திருந்தான். "இதையும் பூட்டும்மா. ரெண்டு மாடு இழுத்தா வேகமும் ரெண்டு மடங்கு."

"என்னைத் தள்ளிவிட்டுட்டுப் போ, வெண்ணி. பாரம் குறையும்" என்றான் இளஞ்சாத்தன்.

"உங்களை எதுக்குத் தள்ளணும்? உப்பைத் தள்ளுறேன்."

பெருஞ்சாத்தன் கத்தியை உருவினான். உப்பைத் தன் கையால் மண்ணில் கொட்டியவன் குலம் விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. தம்பியை இறக்கினால் குலம் விளங்குமாம், உப்பை இறக்கினால் விளங்காதாம். நல்ல நியாயம்!

மூன்றில் ஒன்றைச் செய்யத்தான் நேரம் இருந்தது. கேட்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: வண்டி விரைந்து வேகம் பிடிக்க, மூவரில் யார் சொன்னது சரி?

விடை: விசையை நிறையால் வகுத்தால் வருவது முடுக்கம். ஒரு மாட்டின் இழுப்பு ஒன்று, எடையும் ஒன்று என்று வையுங்கள். இருந்தபடி ஓட்டினால் மாடு ஒன்று, வண்டியும் ஆட்களும் ஒன்று, உப்பு இரண்டு, ஆக எடை நான்கு; ஒன்றை நான்கால் வகுக்கக் கால். பெருஞ்சாத்தன் புது மாட்டின் இழுப்பை எண்ணினானே தவிர, அதன் உடம்பும் நகர வேண்டும் என்பதை மறந்தான். இரண்டை ஐந்தால் வகுத்தால் அரைகூடத் தேறாது. கணவனைத் தள்ளினாலோ காலுக்கு மேல் ஒரு துளிதான். கொலைப் பாவம்தான் மிச்சம். உப்பைத் தள்ளினால் ஒன்றை இரண்டால் வகுக்க, முழுதாக அரை. வெண்ணி சொன்னதே சரி.

கத்தி தோளைக் கிழித்தும் அவள் மூட்டைகளை உருட்டித் தள்ளினாள். வண்டி பாய்ந்தது. பெருஞ்சாத்தன் கீழே குதித்து, சிதறிய உப்பை இரு கையாலும் அள்ளினான். அவன் கழுத்தில் அரிவாள் இறங்குவதை வெண்ணி பார்த்தாள். மாட்டை நிறுத்தவில்லை.