காய்ச்சலில் பொங்கிய பன்

அந்த ஈஸ்டருக்குச் சங்குமேட்டு வாலிபர் சங்கம் சுட்ட பன்னை மனிதர் யாராலும் தின்ன முடியவில்லை. நடந்தது இவ்வளவுதான். எப்படி என்று கேட்டே தீருவேன் என்பவர்களுக்கு மீதி.

சங்கத்தில் மூன்று பேர். கஸ்பார் தலைவர், இன்னாசி செயலாளர், தொம்மை பொருளாளர். சும்மா உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. சேர்ந்தால் கொடுக்கப் பதவி கிடையாது. வாலிபர்கள் மூவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. பல் அவ்வளவாக இல்லை.

சங்கத்துக்கு ஒரே பெருமை, மாதா பவனியில் பட்டுக்குடை பிடிப்பது. பிடிப்பவர் கஸ்பார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அந்தக் குடையைப் பற்றிப் பேசுவார். அது இல்லையென்றால் மனுஷன் என்றோ போய்ச் சேர்ந்திருப்பார் என்று ஊரில் பேச்சு.

ஈஸ்டர் விடியற்காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் டீயும் பழ பன்னும் உண்டு. ஏலம், பட்டை, கிராம்பு போட்ட பன். மேலே சிலுவை கீறியிருக்கும். சுடுவது மாதர் சங்கம். அதன் தலைவி பிலோமி, கஸ்பாரின் மனைவி. ஊர்க் கூட்டத்தில் கஸ்பார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பன் சுடுறது என்ன பெரிய வித்தையா? மாவு, பழம், நெருப்பு. மூணையும் சேர்த்தா பன்னு."

"அப்ப இந்த வருஷம் நீங்களே சுடுங்க" என்றாள் பிலோமி. "ஆனா, நீங்க சுட்டதுல ஒரு பன்னு மிஞ்சிக் கெடந்தாலும் பட்டுக்குடை எங்க சங்கத்துக்கு."

பங்குச்சாமியார் தலையாட்டிவிட்டார். 

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை, கோயில் கழுவப் போகுமுன் பிலோமி அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கடைசியாக, "சொன்னதை மட்டும் செய்யுங்க. சொந்தமா யோசிக்காதீங்க" என்றாள். அதை மட்டும் மூவரும் ஒழுங்காகக் கேட்டார்கள்.

முதலில் திராட்சை. புளிக்கிறதா என்று தின்று பார்த்துப் போடச் சொல்லியிருந்தாள். மூவரும் ஒருசந்தி. விரதத்தில் எப்படித் தின்பது?

"நாக்குல வச்சிட்டுத் துப்பினா என்ன?" என்றார் இன்னாசி.

"மனசு முழுங்கிடும் வேய்" என்றார் கஸ்பார். "ஒருசந்தி இல்லாத ஆளு வேணும்."

"ஞானஸ்நானம் வாங்காத ஆளா இருக்கணும். நம்ம ஊர்ல யாரு இருக்கா?"

கொல்லையில் பிலோமியின் ஆடு வெள்ளச்சி கத்தியது.

ஒரு பிடி கொடுத்தார்கள். தின்றது. ஒன்றும் சொல்லவில்லை.

"புளிச்சா மூஞ்சியைச் சுளிக்கும்லா?"

"அதுக்கு எப்பவும் அந்த மூஞ்சிதான் வேய். இன்னொரு பிடி குடும்."

தீர விசாரித்தார்கள். நல்ல பழம்தான் என்று முடிவுக்கு வந்தபோது பழம் இல்லை.

அடுத்தது மாவு. ஈஸ்ட் போட்டுப் பிசைந்தாயிற்று. "மூடி, கதகதப்பான இடத்துல வைங்க. ரெண்டு மடங்காகுற வரைக்கும் தொறக்காதீங்க" என்றிருந்தாள். வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது. கஸ்பார் எட்டிப் பார்த்துவிட்டு, "அது சூடு. அவ கேட்டது கதகதப்பு" என்று திரும்பிவிட்டார்.

தொம்மைக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். சங்கப் பணி என்பதால் வந்து, மூலைக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக் கிடந்தார். இன்னாசி அவர் நெற்றியைத் தொட்டார். கஸ்பாரும் தொட்டார்.

"கதகதப்பு" என்றார் இன்னாசி.

"ரெம்பச் சரியான கதகதப்பு" என்றார் கஸ்பார்.

தூங்குகிறவர் வயிற்றின் மேல் மாவை வைத்து, துணி மூடி, கம்பளியை இழுத்துவிட்டு, இருவரும் வாசலில் காவல் இருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கம்பளிக்கு அடியில் தொம்மை மலைபோல் உயர்ந்திருந்தார்.

"மாவுதான் ரெண்டு மடங்காகும்னு சொன்னா" என்றார் கஸ்பார். "தொம்மை ஆவாருன்னு சொல்லலையே."

"தொறந்து பாப்பமா?"

"தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

பேச்சுக்குத் தொம்மை கண் விழித்தார். தன் வயிற்றைப் பார்த்தார். "ஐயோ, எனக்கு என்னவே ஆச்சு?"

"வலிக்கா?"

"வலிக்கல. ஏலக்காய் மணக்குது."

இருவரும் சட்டென்று மண்டியிட்டார்கள். "புனிதருங்க சாவுறப்ப ரோசாப்பூ மணக்கும்பாங்க" என்று கிசுகிசுத்தார் இன்னாசி.

"இவரு பொருளாளர்லா. ஏலக்காயோட நிக்குது" என்றார் கஸ்பார்.

தொம்மைக்குப் பயத்தில் குப்பென்று வியர்த்தது. வியர்த்ததும் காய்ச்சல் விட்டது. "உடம்பு லேசாயிட்டு வேய்!" என்றார்.

கஸ்பார் நெற்றியைத் தொட்டார். ஜில். "பாவி மனுஷா, இப்பவா குணமாகணும்? என் குடையை நெனச்சுப் பாத்தீரா?"

"வேணும்னு ஆகல வேய்..."

"நேத்து எப்படிக் காய்ச்சல் வந்துச்சு? அதைச் சொல்லும் முதல்ல."

"கெணத்துத் தண்ணியில குளிச்சேன்."

ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் வந்தது. திறக்கக் கூடாது என்பதால் கம்பளியோடு, மாவோடு, தொம்மையோடு சேர்த்து ஊற்றினார்கள். மாவு புஸ்ஸென்று அமுங்கியது.

"தொம்மை பழைய அளவுக்கு வந்துட்டாரு!" என்று இன்னாசி கண்ணீர் விட்டார். "பொழச்சுக்கிட்டாரு!"

பிறகு சுடுவது. மேலேயும் கீழேயும் தணல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மூடி என்ற ஒன்றைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டியை மூடி, மேல் தணலை மூடிமேல் போடுவது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தாள். கீறிய சிலுவையின் மேலேயே தணலைக் கொட்டினார்கள். குச்சியால் குத்தினால் ஒன்றும் ஒட்டாமல் வரவேண்டும். கஸ்பார் குத்தினார். குச்சியில் மாவு. வேட்டியில் துடைத்துவிட்டுக் காட்டினார்.

"இப்ப ஒட்டியிருக்கா?"

"சுத்தமா இல்ல" என்றார் இன்னாசி. பன் வெந்தது.

கஸ்பாரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் பிலோமி. மாதர் சங்கத்தைக் கொண்டு தனியாகவும் சுட்டு வைத்திருந்தாள். விடியற்காலைப் பூசை முடிந்து ஊர் அதைத்தான் தின்றது. வாலிபர் சங்கத்துக் கூடையில் கை வைத்தவர்கள் எடுத்த பன்னை எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். பங்குச்சாமியார் ஒன்றை எடுத்து, கதவைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்து, கஸ்பாரை ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார்.

கூடை நிறைந்து கிடந்தது. கஸ்பார் மற்ற இருவரையும் ஓரமாக இழுத்தார். "குடை போச்சு வேய்."

மணிக்கூண்டுக்குப் பின்னால் அவசரக் கூட்டம். மிச்சத்தை நாமே தின்றுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம்தான். அதை நிறைவேற்றப் பல் வேண்டும். மூவர் வாயிலும் எண்ணிப் பார்த்தார்கள். பத்தவில்லை.

தலை தொங்கத் திரும்பி வந்தால் கூடை காலி. கூடையிலும் பாதி இல்லை. பக்கத்தில் பிலோமியின் ஆடு. நேற்றுத் தின்ற திராட்சையின் ஞாபகத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருந்தது.

பிலோமி வந்தாள். கூடையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், வெகுநேரம் புருஷனைப் பார்த்தாள்.

"மிஞ்சிக் கெடந்தான்னுதானே சொன்னேன்" என்றாள் கடைசியில். "மிஞ்சல. குடையை நீங்களே வச்சிக்கிடுங்க. ஆட்டுக்கு வயிறு கியிறு வலிச்சுது, அந்தக் குடையாலேயே போடுவேன்."

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே சங்கம் கூடியது. துணைத் தலைவர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள்.

"பொம்பளையாச்சே வேய்?" என்றார் இன்னாசி.

"வாலிபர் சங்கம்னுதானே பேரு? ஆம்பளைன்னு எங்க போட்டிருக்கு?" என்றார் கஸ்பார்.

"வயசு?" என்றார் தொம்மை. அவருக்கு மறுபடி காய்ச்சல்.

"மூணு."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கம் தொடங்கிய பிறகு வாலிபம் உள்ள ஒருவர் சேர்வது அதுதான் முதல் தடவை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்த வருஷப் பவனியில் பட்டுக்குடையைக் கஸ்பார்தான் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில், கழுத்தில் ரோசாப்பூ மாலையோடும், அதில் பாதியை வாயில் மென்றுகொண்டும், நிமிர்ந்து நடந்து வந்தார் துணைத் தலைவர் வெள்ளச்சி.