கரை ஒதுங்கியவர்கள்

“நான் சட்டத்தை மீறலைம்மா. ஆனா தூக்கம் வரமாட்டேங்குது.”

கடற்காவல் கப்பலின் கேப்டன் பரஞ்சோதி இதைச் சொன்னபோது, துறவி மங்களை மணலில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். மனசு கலங்கும்போதெல்லாம் அவன் தேடி வருவது அவளைத்தான்.

பக்கத்தில் ஓலைப்பாயில் சுற்றிய உடல்கள். அன்று காலையில் கரை ஒதுங்கியவை. ஊர்க்காரர்கள் தூக்கிவந்து கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

“என்ன நடந்துச்சு?” அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“இவங்க வந்த படகு நம்ம கடல் எல்லைக்குள்ள நுழைஞ்சுச்சு. ஏறிச் சோதிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஏறினேன். ஆயுதம் இல்ல, கடத்தல் சரக்கு இல்ல. உசுருக்குப் பயந்து ஓடிவந்த சனங்க. எஞ்சினும் பழுது.”

“அப்புறம்?”

“அனுமதியில்லாம வந்தவங்களை எல்லைக்கு வெளிய கொண்டுபோய் விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போனோம். எல்லையைத் தாண்டி அவுத்துவிட்டோம். அப்போ படகு மிதந்துட்டுதான் இருந்துச்சு. காத்து மறுநாள்தான் அடிச்சது.”

மங்களை மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள்.

அவன் சீருடையோடு குழிக்குள் இறங்கினான். வெட்ட வெட்ட ஈரமணல் சரிந்தது.

“கவுந்தது எல்லைக்கு வெளிய. நம்ம பொறுப்பில வராதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.”

“அந்தப் படகுல எப்படி ஏறின?”

அதை எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

“எங்க ரப்பர் படகை ஒட்டி நிறுத்தி, தாவித்தான். அலை பெருசு. கால் வழுக்கிடுச்சு. ரெண்டு படகுக்கும் நடுவுல போயிருப்பேன். நசுங்கியிருப்பேன்.”

“போகலையே.”

“ஒருத்தன் கையைப் பிடிச்சுத் தூக்கிட்டான்.”

“உன் ஆளா?”

மண்வெட்டி நின்றது.

“இல்ல” என்றான். “என் ஆளுங்க எனக்குப் பின்னால இருந்தாங்க.”

மங்களை ஒரு பாயை விலக்கினாள். முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. வலது கையை எடுத்துப் பாய்க்கு வெளியே வைத்தாள்.

“இவன்தானா பாரு.”

பரஞ்சோதி குழியிலிருந்து ஏறி வந்தான். ஊறி வெளுத்திருந்த அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான். அடுத்த பாய்க்குப் போனான். அதற்கடுத்த பாய்க்கும் போனான். கடைசிப் பாயருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“தெரியலைம்மா.”

“அப்போ ஒவ்வொருத்தரையும் அவன்தான்னு நெனச்சு இறக்கு.”