புன்னை எண்ணெய் குடிச்ச வள்ளம்

குருன்னா தாடி இருக்கணும்னு யாரு சொன்னது? அமலிக்குக் கை நிறைய கிரீஸ்தான் இருந்துச்சு. கடற்கரையில இருக்கிற இஞ்சின் ஷெட்டு அவளோடது. சிஷ்யன் கஸ்பாரு அவளைவிட மூத்தவன். சாதாரண நாள்ல 'தங்கச்சி'ம்பான். பயம் வந்துட்டா 'குருவே'ன்னு மாறிடும்.

அன்னைக்கு மத்தியானம் மணல்ல ஓடி வரும்போதே கத்தினான்.

"குருவே!"

அமலி ஸ்பேனரைக் கீழ வச்சா. "யாருக்கு என்னண்ணே?"

"எல்லா வள்ளமும் கரைக்கு வந்துருச்சு. மச்சான் லாரன்ஸைக் காணோம். போனும் கெடைக்கல. காலைல நம்ம எண்ணெயத்தான் அவன் டேங்க்ல ஊத்தி அனுப்பினேன்."

நம்ம எண்ணெய்ன்னா, புன்னைக்கொட்டைய ஆட்டி, பக்குவம் பண்ணி, டீசல் மாதிரி ஆக்கினது. தாளிக்க ஆகாது. இஞ்சின்தான் குடிக்கும். குடிக்கும்னு நம்பித்தான் லாரன்ஸு கடலுக்குப் போனான்.

"எம்பொண்டாட்டி வாசல்லயே நிக்கிறா. அவ தம்பி எங்கன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவேன்? பக்குவத்துல தப்பு பண்ணிட்டேனா குருவே?"

அமலி மூலையில கெடந்த, உள்ள கசடு ஒட்டியிருந்த பழைய டீசல் கேனை எடுத்தா. அதுல கஸ்பாரோட எண்ணெய ஒரு தம்ளர் ஊத்தி, நல்லா குலுக்கி, வெள்ளைத்துணியில வடிச்சா. தேன் மாதிரி உள்ள போனது தார் மாதிரி வந்துச்சு. கொஞ்ச நேரம் சொட்டுச்சு. அப்புறம் சொட்டவே இல்ல. துணி அடைச்சுக்கிச்சு.

"லாரன்ஸ் டேங்கைக் கழுவுனீங்களாண்ணே?"

"எண்ணெய்தான் சுத்தமா இருந்துச்சே, டேங்கை எதுக்கு..."

அது லாரன்ஸோட அப்பா காலத்து டேங்க்.

அமலி புது பில்டருங்களைப் பையில போட்டா. "ஏறுங்க, என் வள்ளத்துல போவோம்."

கஸ்பாருக்குத் தெரிஞ்ச ஜெபமெல்லாம் தீந்து, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சப்போ, தூரத்துல ஒரு சட்டை ஆடுச்சு. லாரன்ஸுதான். இஞ்சின் நின்னுபோய், வள்ளம் அலையில உருண்டுக்கிட்டு இருந்துச்சு.

"வாங்க அத்தான்! உங்க தைலத்தக் கொண்டுபோய் முழங்காலுக்குத் தேய்ங்க!"

அமலி அவன் பில்டரைக் கழட்டினா. உள்ள கன்னங்கரேல்னு சேறு. புதுசை மாட்டி, குழாயில இருந்த காத்தை எடுத்துவிட்டா. இஞ்சின் ரெண்டு இருமல் இருமிட்டுப் புடிச்சுக்கிச்சு.

கஸ்பாருக்குப் போன உசிரு திரும்புச்சு.

"அப்பாடா! அப்ப நல்ல எண்ணெய்தான். இனிமே நிக்காதுல்ல தங்கச்சி?"

அமலி இன்னொரு பில்டரை அவன் கையில வச்சா.

"நல்ல எண்ணெய்ண்ணே. அதான் டேங்க் அழுக்கையெல்லாம் கரைச்சு முடிக்கிற வரைக்கும் இன்னும் நிக்கும். நீங்க லாரன்ஸ் வள்ளத்துல வாங்க."