நூறு விளக்கு

மின்வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இன்னாசிமுத்து. அறுபதாவது வயதில், தன்னைவிட இருபது வயது இளையவரான பேராசிரியர் சபுராவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

நீர் ஒட்டாத பூச்சு பூசிய தகட்டில் துளி விழுந்து நழுவும்போது மின்சாரம் எடுப்பது அவர்கள் வேலை. ஒரு துளிக்கு நூறு சிறு விளக்குகள் எரிந்தன. அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும் அப்படியே வந்தது.

அந்தப் பூரிப்பில் இன்னாசிமுத்து மலைமேலிருந்த சோலைப்பாறைக்குப் போய், துணைச் சுகாதார நிலையத்தின் கூரையில் தகடுகளைப் பதித்தார். "இனி டார்ச்சுக்கு பேட்டரி வாங்க வேண்டாம்மா" என்று நர்ஸ் செண்பகவல்லியிடம் சொன்னார். சபுராவிடம் கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் சோலைப்பாறையிலிருந்து சபுராவுக்கு போன் வந்தது. கேட்டு முடித்ததும் இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டார்.

"நேத்து மத்தியானம் அங்க மேகம் இருட்டிக்கிட்டு மழை. கரண்ட் இல்ல. ஒரு பிரசவம். உங்க விளக்கு சிமிட்டிச் சிமிட்டி அணைஞ்சிருக்கு. நர்ஸம்மா செல்போனைப் பல்லுல கடிச்சுக்கிட்டுத் தையல் போட்டிருக்காங்க. ரெண்டு தையல் தப்பிருச்சு."

இன்னாசிமுத்துவுக்கு முகம் சிவந்தது.

"நூறு விளக்கும் எரிஞ்சதை நீங்களும்தானே பாத்தீங்க மேடம்? நான் என்ன பொய்யா சொன்னேன்?"

சபுரா ஜன்னல்களை அறைந்து சாத்தினார். ஆய்வகம் இருண்டது. தகட்டுக்கு மேலிருந்த குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு, ஓர் ஊசியையும் நூலையும் அவர் கையில் திணித்தார்.

"கோர்த்துக் காட்டுங்க."

சொட்டு விழுந்தது. நூறு விளக்கும் பளிச்சென்றன. ஊசிக்காதைக் கண்டுபிடிப்பதற்குள் இருட்டு. அடுத்த சொட்டு. மறுபடி இருட்டு. நூலை எச்சில் தொட்டு முறுக்கினார். பதினைந்து, இருபது சொட்டு விழுந்திருக்கும். ஊசி விரலில் ஏறியது.

"கண் சிமிட்டுற நேரத்துல எவனால கோர்க்க முடியும்?" என்று கத்தி, நூலை விட்டெறிந்தார்.

"அவங்க ஊசிக்குக் கீழ உயிருள்ள சதை இருந்துச்சு சார்."

சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. விரலில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இன்னாசிமுத்து கேட்டார்:

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

சபுரா ஜன்னலைத் திறந்தார்.

"என்கிட்ட கேக்காதீங்க. பிரசவமான அந்தப் பொண்ணு பேரு மாசிலாமணி. இன்னும் அங்கதான் படுத்திருக்கா. மூணு மணிக்கு பஸ்."