குட்டி போடும் காலம்

“எல்லா ஆசையும் விட்டாச்சுன்னு ஊரே சொல்லுது. ஒண்ணுகூடவா பாக்கி இல்லைங்கம்மா?” என்று கேட்டார் குழந்தைவேலு.

ஊரில் செல்வாக்கான மனிதர். ஐம்பது வயதிருக்கும். வாரம் தவறாமல் மலையடிவாரத்துக்கு வந்து, துறவி செங்கமலத்தம்மாவின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அம்மா சிரித்தார்.

“ஒண்ணு இருக்குதுப்பா. மேலே வரையாடு இருக்குதாமே. ஒரு தடவை பார்க்கணும்.”

மறுநாளே குழந்தைவேலு காரோடு வந்து நின்றார்.

பாதி வழியில் அம்மா கண்ணயர்ந்துவிட்டார். சரணாலயத்தின் செக்போஸ்ட்டில் கம்பி இறக்கியிருந்தது. பைக்கில் வந்த கணவனும் மனைவியும் வனத்துறை வாட்சர் நஞ்சனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

“குட்டி போடுற காலமுங்க. யாரா இருந்தாலும் விடறதில்லை,” என்றார் நஞ்சன்.

அப்போதுதான் காரைக் கண்டார். பேச்சு நின்றது.

குழந்தைவேலு முந்தின நாளே யாருக்கோ போன் போட்டிருந்தார். அங்கிருந்து நஞ்சனுக்கு உத்தரவு வந்திருந்தது. அந்த இருவரின் முகத்தைப் பார்க்காமல் நஞ்சன் கம்பியைத் தூக்கினார். வழிகாட்டத் தானும் காரில் ஏறிக்கொண்டார்.

மேலே ஒரு வளைவில் கார் சட்டென்று நின்றது. அம்மா விழித்துக்கொண்டார்.

பாறைச் சரிவில் வரையாடுகள் சிதறி ஓடிக்கொண்டிருந்தன. கற்கள் உருண்டன. சரிவு காலியானது.

புல்லில் ஒன்று மட்டும் கிடந்தது. ஈரம்கூடக் காயாத குட்டி. எழப் பார்த்தது. கால் மடங்கி விழுந்தது.

குழந்தைவேலு கதவைத் திறந்தார். “நான் போய்த் தூக்கிட்டு வர்றேன்.”

“வேண்டாமுங்க. நாம இங்கே நிக்கிற வரைக்கும் தாய் கிட்ட வராதுங்க,” என்றார் நஞ்சன்.

அம்மா அவரைப் பார்த்தார்.

“இந்தச் சமயத்துல ஆளுங்களை விடுவாங்களா?”

“அடைச்சிருக்குதுங்கம்மா.”

“அப்போ நாம?”

நஞ்சன் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தைவேலு சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, காரைத் திருப்பினார்.

செக்போஸ்ட்டில் பைக்கில் வந்தவர்கள் இன்னும் காத்து நிற்பதைக் கண்டு அம்மா இறங்கினார். முட்டியைப் பிடித்தபடி குனிந்து நஞ்சனின் காலைத் தொட்டார்.

அவர் பதறிப் பின்வாங்கினார். “என்னங்கம்மா இது?”

“ஆசைப்பட்டது நான். உன்னை நாலு பேர் முன்னாலே பொய்யனாக்கினதும் நான்தான்.”

போன் போட்டது நான் என்று சொல்ல குழந்தைவேலு வாயெடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் எரிந்தது.

பைக்கில் வந்த பெண் குழந்தைவேலுவிடம் வந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“நாங்க ரொம்பத் தூரத்துல இருந்து வந்தோம் சார். நீங்களாவது வரையாட்டைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா,” என்றார் குழந்தைவேலு. “எங்களைக் கண்டு ஓடினதைப் பார்த்தேன்.”

அவள் கணவனிடம் திரும்பிப் போனாள்.

நஞ்சன் மறுபடி கம்பியை இறக்கியதும் குழந்தைவேலு அம்மாவிடம் வந்தார்.

“அம்மா, அந்தத் தாய் இந்நேரம் திரும்பி வந்திருக்குமா?”

“போய்ப் பார்த்துட்டு வாப்பா,” என்றார் அம்மா, இறக்கிய கம்பியைக் காட்டி.