எந்தத் தொட்டியை எடுப்பது

“எதை எடுக்கட்டுங்க, டீச்சரம்மா?”

நாச்சிமுத்து வாசலிலேயே நின்று கேட்டார். கையெல்லாம் செம்மண்.

மயிலாத்தாள் கதவை முழுதாகத் திறந்தார். “உள்ள வந்து கேளுங்கண்ணா. கேள்வி எங்கியாச்சும் ஓடியா போயிரும்?”

“ஓடாதுங்க. இடிஞ்சு விழுந்துரும்.”

மயிலாத்தாள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் வேறு எதையாவது செய்துவைப்பார். கேட்டவர் வீட்டுக்குப் போய் யோசித்தால் விளங்கும். சிலருக்கு விளங்காமலே போகும். அதனாலேயே கோயம்புத்தூரின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு டீச்சரம்மா என்று பெயர் நின்றுவிட்டது.

ஐந்தாம் மாடியில் அவர் வீடு. பால்கனி முழுக்கப் பழைய பெயின்ட் வாளிகள். அவற்றில் விளையாதது கிடையாது. ஒரு வருஷம் அவர் வீட்டுப் புடலங்காய் ஐந்து மாடியும் இறங்கிப் போய், கீழே நின்ற பைக்கின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டது. பைக்காரர் அதை அறுக்க மனசில்லாமல் ஒரு வாரம் பஸ்ஸில் ஆபீஸ் போனார். டீச்சரம்மா வீட்டு மிளகாயைத் தெரியாமல் கடித்துவிட்ட குடியிருப்புச் சங்கச் செயலாளர், அந்த மாதம் முழுக்க யாரையும் அதட்டவில்லை. பொய் என்று நினைப்பவர்கள் செயலாளரையே கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு இன்னும் குரல் சரியாகவில்லை என்பதுதான் சிரமம்.

நாச்சிமுத்து நான்காம் மாடி. டீச்சரம்மாவைவிட வயதில் மூத்தவர், பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலையை விட்டு வந்த பிறகு அவர் சொல்லுக்கு அடங்கியவை அவருடைய செடிகள் மட்டும்தான். டீச்சரம்மாவுக்கு அவர் சீடர். ஆனாலும் ஒரு விஷயத்தில் குருவையே மிஞ்சப் பார்த்தார்.

டீச்சரம்மா வாளியில் தேங்காய் நார்த்தூளைப் போட்டுச் செடி வைப்பார். ஒரு விரலால் தூக்கலாம்.

“நாருல வளர்றதெல்லாம் ஒரு செடிங்களா?” என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்து சகலையின் தோட்டத்திலிருந்து செம்மண்ணை மூட்டை மூட்டையாக வரவழைத்தார். தொட்டிகளும் சிமென்ட் தொட்டிகள். லிப்ட் முதல் நாள் சுமந்தது. இரண்டாம் நாள் முனகியது. மூன்றாம் நாள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்று, மேலேயும் போகமாட்டேன், கீழேயும் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

இப்போது பால்கனியின் முறை.

“தளம் சுவத்தோட சேர்ற எடத்துல விரிசல் விட்டுருக்குங்க. போன வாரம் நகம் போகாது. இன்னிக்குக் காலைல தோசைத் திருப்பி நுழையுது.”

“இன்ஜினியர் வந்தாருன்னாங்க?”

“வந்தாருங்க. பாதித் தொட்டிய ஒடனே உள்ள எடுத்துருங்க, மழை பேஞ்சா மண்ணு ஊறிக் கனம் கூடிரும்னாரு. எந்தப் பாதின்னு சொல்லாமப் போயிட்டாருங்க.”

“எப்ப சொன்னாரு?”

நாச்சிமுத்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார். “முந்தாநாள்.”

டீச்சரம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். “நடங்க, பாக்கலாம்.”

படி இறங்கும்போதும் நாச்சிமுத்து நிறுத்தவில்லை.

“கத்திரி பூ வச்சிருக்குங்க. வெயில் இல்லாம உள்ள வச்சா அத்தனையும் கொட்டிரும். தக்காளி இப்பத்தான் காய் புடிக்குது. கருவேப்பிலைய நகர்த்துனா கோவிச்சுக்கும். தூதுவளை என்ர சளிக்கு வேணும். வெந்தயக்கீரை நேத்துத்தான் மொளச்சுது, பச்சப் புள்ளைங்க. எதைத் தூக்குனாலும் பாவமுங்க.”

“இன்னிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“ஊத்தாம இருப்பனுங்களா?”

டீச்சரம்மா நடையை எட்டிப் போட்டார்.

நான்காம் மாடி பால்கனிக்கு வந்தார்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. காற்றில் ஈர வாசனை. தொட்டிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

டீச்சரம்மா கொஞ்சம் கனத்த உடம்பு. வாசற்படியில் நின்றபடி ஒரு காலை மட்டும் பால்கனிக்குள் வைத்தார்.

மளுக்.

காலை எடுத்துக்கொண்டார். எடுத்தவர், கீழே ஏதோ பொலபொலவென்று கொட்டுகிற சத்தத்துக்குக் காதைச் சாய்த்தார். நாச்சிமுத்து கத்திரிப் பூ உதிர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ என்ன இருக்குங்கண்ணா?”

“கீழயா? இதே மாதிரி ஒரு பால்கனி.”

“அதுல?”

“யாரோ வாடகைக்கு இருக்காங்க. அதை விடுங்க டீச்சரம்மா. கத்திரியா, தக்காளியா? ஒண்ணைச் சொல்லிப்போட்டுப் போங்க.”

டீச்சரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். வெங்காயத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

“பதில் சொல்லாமப் போறீங்களே!”

“நிதானமா யோசிங்கண்ணா. என்ன அவசரம்?”

கதவு சாத்திக்கொண்டது.

நாச்சிமுத்து யோசித்தார். கத்திரித் தொட்டியின் விளிம்பைப் பிடித்தார். ஒரு பூ அவரைப் பார்த்து ஆடியது. விட்டுவிட்டார். தக்காளியிடம் போனார். அதன் காய் கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. அதையும் விட்டுவிட்டார். வெந்தயக்கீரை இருக்கிற பக்கமே திரும்பவில்லை.

“முடிவாச்சுங்களா, அண்ணா?”

குரல் கீழேயிருந்து வந்தது.

நாச்சிமுத்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் மாடி பால்கனியில் இரண்டு பாதங்கள் நீட்டிக் கிடந்தன. பாதங்களுக்குப் பக்கத்தில் வெங்காயத் தட்டு.

“டீச்சரம்மா! அங்க என்ன பண்றீங்க?”

“உக்காந்திருக்கேன்.”

“எங்க உக்காந்திருக்கீங்க?”

“நாற்காலிலதான். செவுத்தோரமா. நல்லாத்தான் காத்து வருது.”

நாச்சிமுத்து விரிசலைத் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் என்றால் விரிசலுக்கு நேர் கீழே.

“எந்திரிங்க! மொதல்ல எந்திரிங்க!”

“ஏனுங்க?”

“தலைக்கு மேல விரிசல் இருக்குதுங்க!”

“அதுதான் நீங்க யோசிச்சுட்டு இருக்கீங்களே. யோசிச்சு முடிங்க. அதுவரைக்கும் வெங்காயம் உரிக்கிறேன்.” அப்புறம் உள்பக்கமாகத் திரும்பி அந்த வீட்டுப் பெண்ணிடம், “ரெஜினா, நீ உள்ள போயிக் காபி வையி. நான் கூப்புடாம வெளிய வராத” என்றார்.

ஓடிப்போய் இழுத்து வந்துவிடலாமா? டீச்சரம்மாவை இழுக்க கிரேன் வேண்டும். சொல்லி எழுப்பலாமா? அவர் பிறர் சொல்லி எழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

முதல் மழைத்துளி நாச்சிமுத்துவின் பிடரியில் விழுந்தது.

அடுத்த துளி தொட்டியில் விழுந்து மண்ணுக்குள் போனது. போனதை அவர் கண்ணால் பார்த்தார். அது எடை கூடுகிற சத்தம்கூடக் காதில் விழுந்தது என்று பிற்பாடு சத்தியம் செய்தார்.

கைக்கு எது அகப்பட்டதோ அதைப் பிடித்து இழுத்தார். அது ஹாலுக்குள் போய்க் கவிழ்ந்தது. அடுத்ததை இழுத்தார். சோபாமேல் சேறு. கயிற்றில் ஏறியிருந்த கொடி படபடவென்று அறுந்து கூடவே வந்தது.

மளுக்.

இந்தமுறை அவர் காலடியில்.

அப்போதுதான் தன் உடம்புக்கும் எடை உண்டென்று அவருக்கு நினைவு வந்தது. பின்வாங்கி ஹாலுக்குள் குதித்தார். வாசற்படியில் குப்புறப் படுத்துக்கொண்டு, திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி, அதன் வளைந்த முனையால் ஒவ்வொரு தொட்டியாகக் கொக்கி போட்டு இழுக்கத் தொடங்கினார். சிமென்ட் தரையில் சிமென்ட் உரசி எழுந்த சத்தத்தில் பல் கூசியது.

“கத்திரியப் பாத்து எடுங்கண்ணா!” என்றது கீழ்க்குரல். “பூ கொட்டிரும்!”

“பூ கெடக்குது போங்க! நீங்க எந்திரிங்க!”

“தக்காளி?”

“அதுவும் கெடக்குது!”

“கருவேப்பிலை கோவிச்சுக்குமே?”

நாச்சிமுத்து அதற்கு ஆலையில் பழகிய ஒரு வார்த்தையைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

மழை கனத்தது. எல்லாம் உள்ளே வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. கருவேப்பிலைத் தொட்டிதான் எல்லாவற்றிலும் பெரியது. கம்பி வளைந்ததே தவிர தொட்டி அசையவில்லை. தலையை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். அள்ளி அள்ளிப் பின்னால் ஹாலுக்குள் எறிந்தார், வளை தோண்டுகிற பெருச்சாளி மாதிரி. சகலையின் தோட்டத்துச் செம்மண் டிவிமேல் விழுந்தது, சாமி படத்தின்மேல் விழுந்தது, அவர் வாய்க்குள்ளும் போனது. வேர் வெளியே தெரிந்தது. மரத்தின் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பு.

கிளை ஒன்று முறிந்தது. மரம் வந்துவிட்டது. காலித் தொட்டியைக் கம்பி முனை இழுத்து வந்தது.

பால்கனி மொட்டையாக மழையில் நனைந்தது. விரிசல் அப்படியே இருந்தது. வளரவில்லை.

நாச்சிமுத்து படியில் தாவி இறங்கினார். மூன்றாம் மாடிக் கதவு திறந்தே கிடந்தது. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் காபி டம்ளருடன் நின்றாள். அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினார்.

டீச்சரம்மா அதே நாற்காலியில் இருந்தார். தோளிலும் தலையிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். வெங்காயம் முழுக்க உரித்தாகிவிட்டது.

“எடுத்தாச்சுங்க. உள்ள வாங்க.”

“பாதியா?”

“எல்லாத்தையும்.”

“எதை மொதல்ல எடுத்தீங்க?”

நாச்சிமுத்து நினைவுபடுத்திப் பார்த்தார். “தெரியலீங்க.”

டீச்சரம்மா மெதுவாக எழுந்து உள்ளே வந்தார். வந்ததும் நாச்சிமுத்துவுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த பயமெல்லாம் கோபமாகப் பொங்கியது.

“உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? உசுரோட வெளையாடறதுங்களா? யாரு பொறுப்பு இதுக்கு?”

டீச்சரம்மா தலையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து பால்கனியைக் காட்டிக் கத்தினார். “இந்த எடத்துல எந்தக் கிறுக்கனாச்சும் நாற்காலி போடுவானா? யாரு போட்டது இதை?”

ரெஜினா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

“நாந்தானுங்கண்ணா. தெனமும் அங்கதான் உக்காந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் தெப்பேன். உள்ள வெளிச்சம் பத்தாதுங்க. ரெண்டு மூணு நாளா மேல இருந்து மாவாட்டம் கொட்டிட்டே இருந்துச்சு. உங்க செடி மண்ணாக்கும்னு நெனச்சு, தலைக்கு ஒரு துண்டு போட்டுக்கிட்டேனுங்க.”