வாயைத் திறக்கலாமா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்கிற சத்தம் வாசல்வரை வந்தது. ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது வகுப்பா, சந்தையா? நான் போகிறவரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது!" என்று அதட்டியவர், அடுத்த மூச்சிலேயே, "மழை எப்படி உண்டாகுது?" என்று கேட்டார்.

வகுப்பில் ஒரு சத்தமில்லை.

"பார்த்தீங்களா டீச்சர்? ஒண்ணுக்கும் தெரியலை! பேசவிட்டே கெடுத்துட்டீங்க."

ஜெபசீலி டீச்சர் திட்டு வாங்குவது முன்வரிசையில் இருந்த குயிலிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கரும்பலகையில் எழுதினாள்: 'எல்லாருக்கும் தெரியும் சார். வாயைத் திறக்கலாமா?'

அதிகாரி அசடு வழிந்தார். "சரி, சொல்லுங்க."

கடல்நீர் ஆவியாவதில் தொடங்கி வகுப்பே போட்டிபோட்டுக்கொண்டு விளக்கியது. குயிலி மட்டும் உட்காரவில்லை.

"சார், இனி நாங்க கேட்கலாமா?"

ஜெபசீலி டீச்சர் பெருமை தாங்காமல் அதிகாரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.